பெய்யாத மழைக்கு எழுதிய விமர்சனம்

நான் பார்க்காத ஒரு முடிவைப் பார்த்ததாக எழுதி, அதைக் கேலியும் செய்தேன். என் இதழாசிரியர் நேரே கேட்டபோது பொய் சொன்னேன். அந்தப் படத்தை எடுத்த பிள்ளைகள் எழுதிய கடிதத்தை யாருக்கும் காட்டாமல் ஒளித்து வைத்தேன். மூன்றையும் செய்தவன் நான்தான்.

இதை இப்போது எழுதக் காரணம், நான் இருபத்திரண்டு வருடம் வேலை செய்த திருச்சபை மாத இதழில் இன்று விமர்சனப் பக்கம் பார்க்கும் இளம்பெண். போன மாதம் வீட்டுக்கு வந்தார்.

“சேர், இப்ப படத்த போன்ல ஒண்டரை மடங்கு வேகத்தில ஓட விட்டுட்டு எழுதுறம். பிழையா?”

“நான் அரைவாசிப் படத்தப் பாத்திட்டு எழுதினவன் பிள்ளை. என்னட்டக் கேக்கிறீங்க.”

அவர் பகிடி என்று நினைத்துச் சிரித்தார். பகிடி இல்லை என்றதும், “அப்ப அத எழுதித் தாங்க” என்றார். எழுதுகிறேன். இதழின் பெயரையும் அதன் ஆசிரியராக இருந்த குருவானவரின், எங்கள் பாதரின், பெயரையும் எழுதவில்லை. பாதர் உயிரோடு இருந்தால், “என்ர பேர் எதுக்கு? அச்சுப்பிழை வரும்” என்றுதான் சொல்வார்.

கல்லடியில் பிறந்தேன். பல்கலைக்கழகத்தில் தமிழும் ஆங்கிலமும் படித்தேன். ஆறு வருடம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தேன். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள், நானும் விட்டேன். அதன்பின் இதழுக்கு ஒப்புநோக்குபவனாகப் போனேன். இரண்டாம் வருடம் பாதர் என்னைக் கூப்பிட்டு, “நீர் எழுத்துப்பிழை பிடிக்கிற மாதிரிப் படத்திலயும் பிழை பிடிப்பீர் போல. எழுதும்” என்று படப் பக்கத்தைத் தந்தார். இப்படித்தான் நான் விமர்சகன் ஆனேன்.

எங்களுக்கு வந்தவை சாதாரணப் படங்கள் அல்ல. பதின்மூன்று வயதிலிருந்து பத்தொன்பது வரையுள்ள பிள்ளைகளுக்கென்று எடுக்கப்பட்ட விசுவாசப் படங்கள். சில இந்தியாவில் எடுத்தவை. சில தூர தேசங்களில் எடுத்து, கொழும்பிலோ சென்னையிலோ தமிழ்க்குரல் கொடுத்தவை. யாராவது ஒரு அருட்சகோதரியின் பயணப் பையில், சேலைகளுக்கு நடுவில் சுற்றி வீடியோக் கசற் வந்து சேரும். கதை பெரும்பாலும் ஒன்றுதான். பையன் கெட்டுப்போவான். தாய் அழுவாள். கடைசியில் வானம் கறுக்கும், மழை கொட்டும், மணி அடிக்கும், பையன் ஆலயப் படியில் முழந்தாளிடுவான். நான் பார்த்தவற்றில் முக்கால்வாசிப் பையன்கள் நனைந்துதான் மனந்திரும்பினார்கள்.

இந்தப் படங்களை எப்படி மதிப்பிடுவது என்பதற்குப் பாதரிடம் ஒரு முறை இருந்தது. உலகத்தில் வேறு எங்கும் அது இருந்திருக்காது.

அது போர்க்காலம். ஊரடங்குக்கு முன் பிள்ளைகள் வீடு சேர வேண்டும் என்பதால் காட்சி எப்போதும் பகல் இரண்டரை மணிக்கு. கல்லடி மண்டபத்தின் ஜன்னல்களுக்குச் சாக்குக் கட்டி இருட்டாக்குவோம். மின்சாரம் கிடையாது. ஜெனரேற்றரை ஒரு மூடி பெற்றோலில் முடுக்கி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். அது இருமி இருமி ஓடும். உள்ளே வெக்கையில் ரீவிப் பெட்டிக்கே வியர்க்கும். பங்குகளிலிருந்து வந்த முப்பது நாற்பது பிள்ளைகள் பாயில் இருப்பார்கள். படம் தொடங்குமுன் பாதர் ஒரு பெரிய போத்தலைத் தூக்கிக்கொண்டு வந்து, ஆளுக்கு இரண்டு ரொபி மிட்டாய் கொடுப்பார். மினுங்கல் தாளில் சுற்றியவை, பிரித்தால் சரசரக்கும்.

பிறகு பாதரும் நானும் கடைசி வரிசையில் கதிரை போட்டு உட்காருவோம். படம் பிடித்திருந்தால் பிள்ளை ரொபியை மறந்துபோவான். சலித்தால்தான் கை மடிக்குப் போகும். எந்த இடத்தில் எத்தனை தாள் சரசரத்தது என்று நான் குறிக்க வேண்டும். ஒரு படத்தில் போதகர் ஒருவர் பதினைந்து நிமிடம் உபதேசம் பண்ணினார். மண்டபம் முழுக்கப் பலாச் சருகில் பன்றி ஓடிய மாதிரிச் சத்தம். பாதர் சத்தமே வராமல் சிரிப்பவர். வயிறு மட்டும் குலுங்கும். அன்று அவர் கதிரையும் சேர்ந்து குலுங்கியது.

படம் முடிந்ததும் நான் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். பாதர் தட்டச்சு செய்த நான்கு கேள்விகள். எங்கே சிரித்தார்கள்? அது சிரிக்க வேண்டிய இடமா? எங்கே ரொபி பிரித்தார்கள்? வெளியே போகும்போது முதலில் என்ன கேட்டார்கள்? அடியில் ஒரு வரி: ‘முழுப் படத்தையும் பார்த்தேன்.’ அதற்குக் கீழே என் கையெழுத்து.

நான்காம் கேள்விதான் எனக்குப் பிடித்தது. பனி கொட்டும் நாடொன்றின் படத்தில், பதினேழு வயதுப் பையன் தன் காரை விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு ஆலயத்துக்குப் போகிறான். உருக்கமான படம். வெளியே வந்த பொடியன் ஒருவன் என்னைப் பிடித்துக் கேட்டான்:

“சேர், கார வித்தவன் மறுகா எதில கோயிலுக்குப் போன?”

பக்கத்தில் நின்றவள், “அத விடு. பதினேழு வயசில அவனுக்கு ஆருகா கார் குடுத்த?” என்றாள்.

இரண்டு கேள்விகளையும் விமர்சனத்தின் முதல் வரிகளாக எழுதினேன். பாதர் நீலப் பென்சிலால் அவற்றுக்குக் கீழே ஒரு கோடு போட்டார். அவர் ஒருவரைப் பாராட்டும் விதம் அதுதான். கண்டிக்கும் விதம், “அப்படியா?” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பது. அந்தப் பேசாமை ஐந்து நிமிடம்கூட நீளும்.

எங்கள் பக்கத்துக்குச் செல்வாக்கு இருந்தது. நாங்கள் நல்லது என்று எழுதிய படத்தைத்தான் பிரதி எடுத்துப் பங்குகளுக்கு அனுப்புவார்கள். வேண்டாம் என்றால் அந்தக் கசற் அலுமாரிக்குப் போய்விடும். பங்குக் குருமார் என்னைக் கண்டால், “என்ன விமர்சகர், இந்த மாதம் ஆர ஆர வெட்டினீர்?” என்று கேட்பார்கள். எனக்கு அது இனித்தது. வெட்டுவதில் எனக்கு ஒரு கைத்திறன் வந்துவிட்டதாக நினைத்தேன். பிள்ளைகளின் சிரிப்பைக் குறிக்கப் போனவன், மெல்ல மெல்ல என் வசனங்களுக்கு யார் சிரிக்கிறார்கள் என்று பார்க்கத் தொடங்கினேன்.

அந்த நேரத்தில்தான் செட்டிபாளையத்திலிருந்து ஒரு பொதி வந்தது.

றெஜினா ரீச்சர் அங்கே விஞ்ஞானம் படிப்பித்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் சிற்றாலயத்தில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடத்துவார். வெளியூர்ப் படங்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், நாமே ஒன்று எடுப்போம் என்று பிள்ளைகள் கேட்டார்களாம். கலியாண வீட்டு வீடியோக்காரரின் கமராவை இரவல் வாங்கி எடுத்துவிட்டார்கள். நடித்த ஒன்பது பேரில் ஐந்து பேர் சைவப் பிள்ளைகள். கதாநாயகன் தோமாவாக நடித்த தயாளன் பிள்ளையார் கோயில் பூசகரின் பேரன். படத்தின் பெயர் ‘தோமாவின் தோணி’. வீடியோக்காரரிடம் மிச்சமிருந்த இரண்டு சின்னக் கசற்றுகளில் படத்தைப் பாதி பாதியாகப் பதிந்திருந்தார்கள். மூலப் பதிவின் மேல் அவர் ஏற்கெனவே ஒரு கலியாணத்தைப் பதிந்துவிட்டார். ஆக, உலகத்தில் அந்தப் படம் இருந்தது அந்த இரண்டு கசற்றில் மட்டும்தான்.

பொதியைக் கொண்டுவந்த பஸ் கொண்டக்டர் ஒன்றைத்தான் தந்தார்.

“மற்றத சென்றியில ஆமிக்காரர் எடுத்திட்டாங்க சேர். பாத்திட்டுத் தருவாங்களாம். பாதர்ர கடிதம் ஒண்டு கொண்டு போனா உடன தருவாங்க எண்டு அந்தக் கோப்ரல் சொன்ன.”

பாதர் அப்போது வைத்தியத்துக்காகக் கொழும்பு போயிருந்தார். ஆனாலும் அவர் கையெழுத்திட்ட வெற்றுக் கடிதத்தாள்கள் மேசை லாச்சியில் இருந்தன. ஒன்றில் நான்கு வரி எழுதி, சைக்கிளில் போய்க் கேட்டிருக்கலாம். போகவில்லை. சோதனைச்சாவடிக்குப் போகப் பயம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயம் இருந்தது உண்மை. ஆனால் ஒவ்வொரு நாளும் அந்தச் சாவடியைத் தாண்டி மீன் வாங்கப் போய்க்கொண்டுதான் இருந்தேன். உண்மைக் காரணம் வேறு. இதழ் அச்சுக்குப் போக மூன்று நாள் இருந்தது. இந்த மாதிரிப் படம் எப்படி முடியும் என்று எனக்குத் தெரியும்.

முதற் கசற்றைத் தனியே போட்டுப் பார்த்தேன். பிள்ளைகளும் இல்லை, ரொபியும் இல்லை. தகப்பனை இழந்த தோமா, ஊரைவிட்டு ஓடப் பார்க்கிறான். மாமன் தன்னைத் தடுத்த கோபத்தில், மாமனின் தோணியைக் கோடரியால் கொத்திப் பிளக்கிறான். தோணி வாவியில் அமிழ்கிறது. பையன் ஓடுகிறான். கசற் முடிந்தது. ஒலிவாங்கியைத் துடுப்பில் கட்டியிருப்பார்கள் போலும், வசனத்தைவிடக் காற்றுத்தான் அதிகம் பேசியது.

நான் எழுதிய விமர்சனத்தின் கடைசிப் பந்தி இன்றும் எனக்கு மனப்பாடம்:

‘இனி நடப்பது வாசகர் அறிந்ததே. வழக்கம்போல் வானம் கறுக்கிறது, மழை கொட்டுகிறது, ஆலய மணி ஒலிக்கிறது, நாயகன் முழந்தாளிடுகிறான். கண்ணீரையும் மழைநீரையும் பிரித்தறிய இயலாத இந்த முடிவை இன்னும் எத்தனை தடவை பார்ப்பது? செட்டிபாளையத்துப் பிள்ளைகள் குடையோடு படமெடுக்கப் போயிருக்கலாம்.’

படிவத்தையும் நிரப்பி, ‘முழுப் படத்தையும் பார்த்தேன்’ என்பதன் கீழ் கையெழுத்திட்டேன். பேனா தயங்கவில்லை.

திரும்பிவந்த பாதர் இதழைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். “ஊர்ப் பிள்ளைகள் எடுத்த படம். கொஞ்சம் காரமா இருக்கு. முழுக்கப் பார்த்தீரா?”

“ஓம் பாதர்.”

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. முதற் கசற் அலுமாரிக்குப் போனது. இரண்டாவதை மீட்க யாரும் கடிதம் எழுதவில்லை. மோசமான படத்தின் பின்பாதி யாருக்கு வேண்டும்?

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. தபாலைப் பிரிப்பது என் வேலை. பாடக் கொப்பியிலிருந்து கிழித்த தாள், உருண்டை எழுத்து. எழுதியவள் சுகந்தி. பதினைந்து வயது. படத்தில் கமராவைப் பிடித்தவள் அவள்தான்.

‘மதிப்புக்குரிய விமர்சகர் சேர் அவர்கட்கு,

எங்கள் படத்தில் மழை பெய்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நாங்கள் படமெடுத்த பதினாறு நாளும் வெயில். குடை கொண்டுதான் போனோம், கமராவுக்குப் பிடிக்க. எந்த இடத்தில் மழை பெய்கிறது என்று சொன்னால் நாங்களும் போய் நனைவோம்.

ஆலய மணி ஒலிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எங்கள் சிற்றாலயத்துக்கு மணி இல்லை. தண்டவாளத் துண்டில்தான் அடிக்கிறோம். அது டங் என்று ஒரு சத்தம் போடும். அதைக் கேட்டு யாரும் மனந்திரும்பியதாகத் தெரியவில்லை.

காற்றுச் சத்தம் பற்றி எழுதியது சரி. அடுத்த முறை திருத்துவோம்.

சேர், எங்கள் கசற்றை எடுத்துத் தந்து கல்லடியில் ஒருதரம் காட்டுவீர்களா? தயாளன் அண்ணாவை அவருடைய அம்மா அடுத்த மாதம் வெளிநாட்டுக்கு அனுப்பப் போகிறா. ஊரில் காட்டிய அன்று ஜெனரேற்றரைப் பார்த்துக்கொண்டு வெளியில் நின்றவர் அவர்தான். தான் நடித்த படத்தை அவர் இன்னும் பார்க்கவில்லை.’

சிரித்தேன், முதல் மூன்று பந்திக்கும். நாலாவதை வாசித்ததும் காதுமடல் சுட்டது. பதினெட்டு வயதுப் பையனை அந்தக் காலத்தில் ஒரு தாய் ஏன் அனுப்பினாள் என்று எங்கள் பகுதியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஒரு மாதம் இருந்தது. ஒரு கடிதம் போதும். ஆனால் பாதர் திரும்பி வந்தபின் வெற்றுத்தாள்கள் லாச்சியில் இல்லை, அந்தக் கடிதத்துக்கு அவரிடமே போக வேண்டும். போனால் நான் சொன்ன பொய் தெரிந்துவிடும். சுகந்தியின் தாளை நான்காக மடித்து, தமிழகராதிக்குள் வைத்தேன். தயாளன் படத்தைப் பார்க்காமலே போனான்.

பிறகு அகராதி திறப்பதைக் குறைத்துக்கொண்டேன். அந்த மாதங்களில் இதழில் எழுத்துப்பிழை கூடியது.

என்னைக் காட்டிக்கொடுத்தது மழைதான். நான்கு மாதத்துக்குப் பிறகு கல்லடியில் இன்னொரு படம். முடிவில் வானம் இருண்டது, முதல் துளி விழுந்தது. உடனே பாயிலிருந்த நாற்பது பிள்ளைகளும் கைதட்டிக் கூவினார்கள்:

“சேர்ர மழை! சேர்ர மழை வந்திட்டு!”

“சேர், ஓடி வாங்க, நனையப் போறீங்க!”

செட்டிபாளையத்துக் கதை வாவிக்கரை முழுக்கப் பரவியிருந்தது எனக்குத் தெரியாது. எந்தப் படத்தில் மழை பெய்தாலும் அதற்குப் பெயர் சேர்ர மழையாம். பாதர் என் பக்கம் திரும்பினார்.

“ஏன் இவங்க உம்மட பேரச் சொல்லிச் சிரிக்கிறாங்க?”

சாக்குக் கட்டிய ஜன்னலுக்குப் பக்கத்தில், ஜெனரேற்றர் சத்தத்துக்குள் குனிந்து, எல்லாவற்றையும் சொன்னேன். கசற்றை, பொய்யை, அகராதிக்குள் இருந்த தாளை. சொல்லி முடித்தேன்.

“அப்படியா?” என்றார் பாதர்.

பிறகு பேசவில்லை. மழைக் காட்சி முடிந்து, பையன் முழந்தாளிட்டு, பெயர்கள் ஓடி முடியும்வரை பேசவில்லை. அவருடைய வயிறு குலுங்குமா என்று பார்த்தேன். குலுங்கவில்லை.

“எனக்குச் சொன்னது காணாது” என்றார் கடைசியில். “அந்தப் பிள்ளைகளிட்டச் சொல்லும். வெறுங்கையோட போகாதையும். முதல்ல கசற்.”

அடுத்த நாள் காலை பாதரின் கடிதத்தோடு சோதனைச்சாவடிக்குப் போனேன். மண்மூட்டைக்குப் பின்னால் இருந்த கோப்ரல் கடிதத்தை வாசிக்கவே இல்லை. ‘செட்டிபாளையம் கசற்’ என்றதும் எழுந்து நின்றார்.

“மாத்தயா... நீங்க அந்தப் படம் ஆள்?” என்றார், சிங்களத்தில் ‘ஐயா’ போட்டு, அரைகுறைத் தமிழில்.

“ஓம்... படத்தப் பத்தி எழுதுற ஆள்.”

உள்ளே ஓடி, பொலித்தீனில் பத்திரமாகச் சுற்றிய கசற்றோடு வந்தார். ஆனால் தரவில்லை. கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

“மாத்தயா, அந்தத் தோணி யார் உடைச்சது?”

எனக்கு விளங்கவில்லை. அவர் விளக்கினார். முகாமில் ஒரு ரீவி இருந்தது. சோதிக்கவென்று போட்ட கசற் எல்லோருக்கும் பிடித்துப்போய், பத்துத் தடவைக்கு மேல் பார்த்துவிட்டார்கள். ஆனால் அது பின்பாதி. உடைந்த தோணியோடு தொடங்குகிறது. யார் உடைத்தது, ஏன் உடைத்தது என்று தெரியாமல் நான்கு மாதமாகச் சண்டை.

“ஒரு ஆள் சொல்றது, மாமா குடிச்சுப் போட்டு உடைச்சது. ஒரு ஆள் சொல்றது, பெரிய மீன் இடிச்சது.” குரலைத் தாழ்த்தினார். “ஒரு ஆள் சொல்றது, ஆமி உடைச்சது. ஆமி இல்லத்தானே?”

“இல்ல” என்றேன். “அந்தப் பொடியன்தான் உடைச்சான். மாமன்ல கோவம்.”

அவர் உள்ளே திரும்பிச் சிங்களத்தில் கத்தினார். உள்ளேயிருந்து ஒரு முனகலும் இரண்டு பேரின் ஆரவாரமும் கேட்டன. மண்மூட்டைகளுக்கு இந்தப் பக்கம் நின்று, நான் முன்பாதியை முழுக்கச் சொன்னேன். அவர் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார். “நான் நினைச்சது. அவன் முகத்தில தெரியும்” என்றார். பிறகு, “மாத்தயா கடைசி பார்த்ததா? கடைசியில அந்த ரெண்டு பேரும்...” என்று தொடங்கினார்.

“சொல்லாதீங்க!” என்று கையை நீட்டித் தடுத்தேன். “நான் பாக்கல்ல. பாக்கத்தான் போறன்.”

முடிவைப் பத்துத் தடவை பார்த்த அவர் முன்னால் அந்தச் சொற்களைச் சொன்னபோது நான்கு மாதப் பாரம் இறங்கியது போலிருந்தது.

ஞாயிறு பின்னேரம் பாதரும் நானும் செட்டிபாளையம் போனோம். ரீவி, ஜெனரேற்றர், ரொபிப் போத்தல் எல்லாம் லேண்ட்மாஸ்டர் என்ற கை உழவு இயந்திரத்தின் பெட்டியில். சிற்றாலயத்தில் ஊரே கூடியிருந்தது. பிள்ளையார் கோயில் பூசகரும் தயாளனின் அம்மாவும் முன்னால் இருந்தார்கள். பாதர் வழமைபோல் ரொபி கொடுத்தார். நான் எழுந்து நின்று பேசினேன். எழுதி வைத்திருந்த தாளைப் பார்த்து, மனச்சாட்சி, எழுத்தின் பொறுப்பு, விமர்சகனின் அறம் என்று தொடங்கினேன். ஐந்தாவது வரியில் ஒரு தாள் சரசரத்தது. பிறகு இன்னொன்று. பிறகு பலாச் சருகில் பன்றி.

தாளை மடித்துப் பையில் வைத்தேன்.

“நான் உங்கட படத்தில அரைவாசிதான் பாத்தன்” என்றேன். “மிச்சத்த நானே இட்டுக்கட்டி எழுதினன். பாதருக்கும் பொய் சொன்னன். உங்கட கடிதத்த ஒளிச்சு வச்சன். தயாளன் பாக்காமப் போனது என்னால.”

சத்தம் நின்றது. முன்வரிசையில் ஒரு மெலிந்த பிள்ளை, சுகந்தி, கையை உயர்த்தினாள்.

“சேர், அப்ப மழை?”

“மழை பெய்யல்ல.”

“மணி?”

“மணியும் இல்ல.”

“சரி, இருங்க. படத்தப் போடுவம்.”

இரண்டாவது கசற்றை வாழ்க்கையில் முதல் தடவையாக அன்று பார்த்தேன். தோமா திரும்பி வருகிறான். யாரும் அழவில்லை. மாமன் அவனைத் திட்டவுமில்லை, கட்டிப்பிடிக்கவுமில்லை. ஒரு பலகையையும் ஆணிகளையும் அவன் முன்னால் போட்டுவிட்டு, “ம்” என்கிறார். பையன் நாள்கணக்காகத் தோணியைத் திருத்துகிறான். மாமன் தூரத்தில் கிழிந்த வலையைப் பொத்துகிறார். கடைசியில் இருவரும் தோணியை வாவியில் இறக்குகிறார்கள். நடு வாவியில் ஒட்டுப் போட்ட இடத்தால் தண்ணீர் வருகிறது. மாமன் ஒரு சிரட்டையை எடுத்து இறைக்கிறார். பையனிடம் இன்னொரு சிரட்டையை நீட்டுகிறார். இறைக்க இறைக்க வருகிறது. முதலில் மாமனுக்குச் சிரிப்பு வருகிறது, பிறகு பையனுக்கு. இருவரும் சிரித்துச் சிரித்து இறைத்துக்கொண்டிருக்கும்போதே படம் முடிகிறது. வெயில் என்றால் அப்படியொரு வெயில்.

தயாளனின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அழுதார் என்றும் சொல்லலாம். நான் கதிரையிலிருந்து எழும்பி அருகே போய்ப் பார்க்கவில்லை. பெயர்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன.

வாசலில் றெஜினா ரீச்சரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சுற்றி வளைக்கவில்லை.

“என்னட்டக் கேட்டு என்ன செய்ய சேர். கேக்க வேண்டியவன் இஞ்ச இல்ல. பிரதி எடுத்து அவனுக்கு அனுப்புங்க. மறுகா பாப்பம்.”

சுகந்தி விட்டுவிடவில்லை. “புதுசா விமர்சனம் எழுதுவீங்கதானே? பக்கத்தில நாங்களும் ஒண்டு எழுதுவம்” என்றாள். பாதர் அங்கேயே, “ஓம், அரைப் பக்கம் உங்களுக்கு” என்றுவிட்டார். என்னைக் கேட்கவில்லை.

அடுத்த இதழில் என் குற்றத்தை முதற் பந்தியில் எழுதி, படத்தைப் பற்றி மறுபடியும் எழுதினேன். பக்கத்தில் சுகந்தியின் விமர்சனம். அதன் முடிவு இது: ‘படத்துக்கு முன் சேர் பேசிய பேச்சின்போது பிரித்த ரொபி பதினொன்று. படத்தின்போது பிரித்த ரொபி ஒன்று. அதைப் பிரித்தவர் பாதர்.’ நீலப் பென்சில் அந்த வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டது. அன்றிலிருந்து நான் ஓய்வு பெறும்வரை படப் பக்கத்தில் பாதி எனக்கு, பாதி பிள்ளைகளுக்கு.

படம் ஊர் ஊராகப் போனது. வாவிக்கு அப்பால் பழுகாமத்துக்கு நானே கொண்டுபோனேன். அங்கே பற்றரி கொண்டுபோக ஆமி தடை போட்டிருந்ததால், அங்கே ஒரு உழவு இயந்திரத்தின் பற்றரியில் ரீவியை ஓட்டினார்கள். பிள்ளைகள் சிரித்தார்கள். முடிந்ததும் வயதான தோணிக்காரர் ஒருவர் கோபமாக எழும்பினார்.

“பலகைய அப்பிடி வச்சு அடிச்சா தண்ணி வராம என்னகா செய்யும்? ஆரு அந்தப் பொடியனுக்குக் காட்டிக் குடுத்த?”

நான் கேட்ட விமர்சனங்களிலேயே அதுதான் சரியானது. அதையும் அச்சிட்டோம். கோப்ரலுக்கு முதற் கசற்றை இரண்டு நாள் இரவல் கொடுத்தேன். சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முந்தித் திருப்பித் தந்தார்.

தயாளனின் அம்மா தந்த விலாசத்துக்குப் பிரதி அனுப்பி எட்டு மாதம் பதில் இல்லை. இன்னும் அங்கேதான் இருக்கிறானா, கிடைத்ததா என்றுகூடத் தெரியவில்லை. ஒருநாள் சுகந்தி இதழ் காரியாலயத்துக்கே வந்து ஒரு நீலக் கடிதத்தை என் மேசையில் வைத்தாள். “உங்கட பக்கத்தில போடச் சொல்லித் தயாளன் அண்ணா எனக்கு எழுதியிருக்கார்” என்றாள். நான் வாசித்தேன்.

‘சேருக்கு, படம் வந்து சேர்ந்தது. இங்கே எட்டுப் பேர் ஒரே அறையில் இருக்கிறோம். எல்லோருக்கும் போட்டுக் காட்டினேன். நான் இவ்வளவு மெலிவாகவா இருந்தேன் என்று கேட்டார்கள். கடைசியில் நானும் மாமாவாக நடித்த ரவியும் சிரிக்கிறோமே, அது நடிப்பு இல்லை. தோணி உண்மையாகவே ஓட்டை. ரவிக்கு நீந்தத் தெரியாது. சுகந்தி கமராவை நிறுத்தாமல் எடுத்துக்கொண்டிருந்தாள்.

இந்த ஊரில் ஒரு நாள்கூட மழை விடுவதில்லை. நீங்கள் எழுதிய மழை வழி தவறி இங்கே வந்துவிட்டது என்று நினைக்கிறேன். இனிமேல் உங்களைப் பகிடி பண்ண வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். மழை இருக்கிறது. நான் தினமும் நனைகிறேன். நன்றாக இருக்கிறேன். தயாளன்.’

அதை அப்படியே எழுத்துக் கோக்கக் கொடுத்து, அச்சுப் பிரதியை நானே ஒப்புநோக்கினேன். பாதர் வாசலில் நின்று கேட்டார்.

“முழுக்க வாசிச்சீரா?”

“ஓம் பாதர். கையெழுத்து வரைக்கும்.”

பாதரின் வயிறு குலுங்கத் தொடங்கியது. பையிலிருந்து ஒரு ரொபியை எடுத்து, தாள் சரசரக்கப் பிரித்து, என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.